கேம் பாஸ் அல்டிமேட்: 2025இன் மாதம் 30 டாலர் விலை யாருக்குக் கட்டுப்படியானது?

எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், மாதச் சந்தா கட்டிப் பட்டியலில் உள்ள கேம்களை ஆடும் மைக்ரோசாஃப்ட் சேவை. 2017இல் வந்தபோது மாதம் 9.99 டாலர். அதன் மேல்தட்டான அல்டிமேட் 2024இல் 19.99 ஆகி, 2025 அக்டோபரில் ஒரே தாவலாக 29.99க்குப் போனது. அந்த விலையில் வருடத்துக்கு 359.88 டாலர். இந்தப் பணத்தில் 69.99 டாலர் புது கேம் ஐந்து வாங்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேமையும் கன்சோலில் ஆன்லைனில் ஆட கேம் பாஸின் கீழ்த்தட்டான எசென்ஷியல் திட்டமாவது வேண்டும். மாதம் 9.99. அதைக் கழித்தால் மிஞ்சுவது 240 டாலர், அதாவது மூன்றே கேம். (ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. பிசியில் இப்படியொரு கட்டணமே கிடையாது.) அந்த விலையில், தனியாக ஆடுபவர் வருடத்தில் ஐந்துக்கு மேல், ஆன்லைனில் ஆடுபவர் மூன்றுக்கு மேல் புது கேம்களை வெளியான சூட்டோடு ஆடினால்தான் அல்டிமேட் லாபம். அவசரமில்லாதவருக்கு நடுத்தட்டான 14.99 டாலர் பிரீமியம் திட்டம் போதும். மைக்ரோசாஃப்டின் சொந்த கேம்கள் ஒரு வருடத்துக்குள் அதில் வந்துவிடும், கால் ஆஃப் டியூட்டி தவிர.

அல்டிமேட்டை மாத வாடகையாக எடுப்பதே புத்திசாலித்தனம். சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். பணம் கட்டிய மாதம் முடியும்வரை ஓடும். பட்டியலை விட்டுப் போகவிருக்கும் கேம் பிடித்திருந்தால், போவதற்குள் உறுப்பினர் தள்ளுபடியில் வாங்கிவிடலாம். சேவ் கோப்பு அழியாது, விட்ட இடத்திலிருந்தே தொடரும். பலர் கோட்டைவிடுவது டிஎல்சியில், அதாவது ஒரு கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதியில். அதை மட்டும் வாங்கி வைத்திருந்தால், மூல கேம் பட்டியலிலிருந்து போன மறுநாள் அது வெறும் ரசீது.

வாங்கினால் சொந்தம் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை அதன் நிறுவனமான யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் மூடியதும், தனியாக ஆடவும் வழியில்லை. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி. வாங்குமுன் 'இணைய இணைப்பு கட்டாயம்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிசிக்காரர்கள் ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கினால் இன்ஸ்டாலரையே இறக்கி வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். கன்சோலில் டிஸ்க்தான் வழி: முடித்ததும் விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் ஆடும்போதெல்லாம் டிரைவில் இருந்தாக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோல் வைத்திருப்பவருக்கு அந்த வழியும் அடைப்பு, அதில் டிஸ்க் டிரைவே இல்லை.