ரிஞ்சானியா, பாத்தூரா?

பாளையங்கோட்டைக் கூட்டாளிகள் நாலு பேரும் இந்தோனேசியா போக முடிவு செய்தாச்சு. எந்த எரிமலையில் கூடாரம் அடிப்பது என்பதுதான் பேச்சு.

பாலித் தீவின் பாத்தூர் 1,717 மீட்டர், நம்ம பொதிகையை விடக் குறைவு. நள்ளிரவுக்குப் பின் ஏறினால் விடியலை உச்சியில் பார்க்கலாம்.

லொம்போக் தீவின் ரிஞ்சானி வேறு ரகம்: 3,726 மீட்டர். அடிவாரத்துச் செம்பலுன் கிராமத்துப் பக்கமிருந்து ஒரு பகல் நடந்தால் எரிமலை வாயின் விளிம்பு, அங்கேதான் கூடாரம். கீழே செகாரா அனாக் ஏரி, அதன் ஓரத்தில் பாருஜாரி என்ற குட்டி எரிமலை. உச்சிக்கான கடைசி ஏற்றத்தில் சாம்பலும் சரளையும். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். குளிர் வேறு. தாமிரபரணிக்கரை வெயிலில் வளர்ந்த நமக்குக் கம்பளி கட்டாயம். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை வழக்கமாகப் பாதையை மூடிவிடுவார்கள்.

"ஏலே, முட்டி தாங்குமா?" என்கிறான் ஒருத்தன். தாங்காதென்றால் பாத்தூர்தான் சரி. எனக்கு ரிஞ்சானி, அந்த விளிம்பில் இவன்களோடு ஒரு ராத்திரி கிடக்கணும்.