தேன்சிட்டுக்கு எந்த லென்ஸ்: 100-400, 100-500, 200-800

பினாங்கில் பறவைப் படம் எடுக்க ஆரம்பிக்கும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மில்லிமீட்டர் வாங்கலாம்ணே?" என்பதுதான். மில்லிமீட்டர் என்பது லென்ஸின் குவியத்தூரம், அது கூடக்கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். நான் திருப்பிக் கேட்பது, லென்ஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி எவ்வளவு நேரம் பிடிக்க முடியும் என்று. தேன்சிட்டும் தையல்சிட்டும் 10, 12 செ.மீ. பறவைகள், ஒரு கிளையில் உட்கார்ந்து போஸ் கொடுக்காது, முக்காலியை (டிரைபாட்) விரிப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடும். கையில்தான் எடுக்க வேண்டும்.

கேனனின் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்கான ஆர்எஃப் லென்ஸ் வரிசையில் நம்மவர்கள் அதிகம் குழம்புவது இந்த மூன்றில். 100-400 வெறும் 635 கிராம். 100-500, முக்காலியில் மாட்டும் வளையம் இல்லாமல் 1,370 கிராம். 200-800 இரண்டு கிலோவைத் தாண்டும், அதாவது 2,050 கிராம், அதற்கு மேல் கேமராவின் எடை வேறு. தண்ணீர்மலை பொட்டானிக் கார்டனில் குரங்குகளுக்குப் பயந்து பையைத் தரையில் வைக்கவே முடியாது, எல்லாம் உடம்பிலேயேதான் தொங்கும் என்பதால் இந்தக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"800 என்றால் பறவை பெரிதாகத் தெரியுமே" என்பது உண்மைதான். 500-இல் எடுத்த படத்தை 800 அளவுக்கு வெட்டினால் 39 சதவீதப் பிக்சல்தான் மிஞ்சும், 24 மெகாபிக்சல் கேமராவில் அது 9 மெகாபிக்சல் சொச்சம். ஆனால் வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். 800-இல் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 9, 100-500இன் 500-இல் எஃப் 7.1; இந்த எண் கூடினால் வெளிச்சம் குறையும். இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது, ஓடைப் பக்கத்து மர நிழலில் எட்டு மணிக்கும் இருட்டுதான். அங்கே தையல்சிட்டு தலையைத் திருப்பும் வேகத்தை நிறுத்த ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) மளமளவென்று ஏறி, படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் வந்து, கழுத்தோர இறகின் மெல்லிய கோடுகள் எல்லாம் குழம்பிப் போகும். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அடக்காது.

இன்னொன்று, 800-இல் 3.3 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஹெலிகோனியா பூவில் தேன் குடிக்கும் சிட்டு சில சமயம் அதைவிடக் கிட்டத்தில் வந்து உட்காரும், ஜூமைக் குறைக்க வேண்டும் அல்லது பின்னால் நகர வேண்டும், நகர்ந்தால் அது பறந்துவிடும். 100-500 ஒரு மீட்டர் சொச்சத்திலேயே பிடித்துவிடும்.

அதற்காக 200-800ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. கடலோரச் சேற்றுத்திட்டில் நிற்கும் கரைப்பறவைகளுக்கு அதுதான் சரி, கிட்டே போகவே முடியாத இடம் அது. அங்கேயும் வெயில் ஏறியதும் கானல் அலையும். எவ்வளவு நீள லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

100-400ஐப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள், எனக்கு அது வருத்தம். ஆர்7 மாதிரி சிறிய சென்சார் கேமராவில் மாட்டினால் 640 மி.மீ. பார்வைக்கோணம் கிடைக்கிறது, இரண்டும் சேர்ந்து 1.25 கிலோகூட இல்லை. குறை என்னவென்றால் 400-இல் எஃப் 8, அப்புறம் மழைத்துளிக்கு எதிரான சீல் கிடையாது. அக்டோபர், நவம்பரில் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) எடுத்துப் போனால் மழையுறை கட்டாயம்.

கையில் பணம் இருந்து சிட்டுகள்தான் ஆசை என்றால் நான் யோசிக்காமல் 100-500 என்பேன். ஒரே ஒரு எச்சரிக்கை: குவியத்தூரத்தை 1.4 மடங்காக்க நடுவில் மாட்டும் எக்ஸ்டெண்டரைப் போட்டால் 300-க்குக் கீழே ஜூமைக் குறைக்க முடியாது, சுருக்கிப் பையில் வைக்கவும் வராது. பணம் இறுக்கம் என்றால் 100-400ஐ வாங்கி, மிச்சத்தில் ஈரம் புகாத ஒரு டிரை கேபினட் பெட்டி வாங்குங்கள், இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. எதை வாங்குவதாக இருந்தாலும் கடையில் உங்கள் கேமராவிலேயே மாட்டச் சொல்லி, முழு நீளத்துக்கு இழுத்து, இரண்டு நிமிடம் கண்ணிலிருந்து இறக்காமல் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.