ரிலாப்ஸ் வருமா என்று கேட்கும் 17 கேள்விகள்: பேம் படிவம் எப்படி?

போதை மருந்துச் சிகிச்சை முடித்து வெளியே வந்தவர் மறுபடி தொடங்கிவிடுவாரா என்பதை ஒரு படிவம் சொல்லிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பிரீஃப் அடிக்‌ஷன் மானிட்டர், சுருக்கமாக பேம், அப்படிப் பீற்றிக்கொள்ளவில்லை, அதனாலேயே பிடித்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை உருவாக்கியது. காசு கிடையாது, 17 கேள்வி, கடந்த 30 நாளைப் பற்றி மட்டும்.

இதில் போதையைப் பற்றி நேரடியாகக் கேட்பது கொஞ்சம்தான். எத்தனை ராத்திரி தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் மனசு சரியில்லை அல்லது கோபம், போதை ஆசை எவ்வளவு படுத்தியது, பழைய கூட்டாளிகள் பழைய இடங்கள் பக்கம் எத்தனை நாள் போக நேர்ந்தது, வீட்டில் சண்டையா என்று ஆபத்து மதிப்பெண்ணை ஒரு பக்கம் கூட்டுகிறார்கள். காப்பாற்றுகிற விஷயங்களுக்குத் தனிக் கணக்கு: போதையை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் மீட்டிங் போன நாள், வேலைக்குப் போன நாள், சாமி நம்பிக்கை, ஆதரவாக இருப்பவர்களோடு பழகிய நாள், அப்புறம் செலவுக்குப் போதுமான வருமானம் இருக்கிறதா (சட்டப்படியான வருமானம் என்று கவனமாகக் கேட்கிறார்கள், அனுபவப்பட்டவர் யாரோ எழுதியிருக்க வேண்டும்).

சரி, குறை. மொத்தக் கூட்டலை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பூட்டிய வார்டிலோ ஜெயிலிலோ ஒரு மாதம் இருந்து வந்தவருக்குப் பழைய இடம் பூஜ்யம், போதை பூஜ்யம், தாளில் தங்கமான மனிதர். ஆனால் ஹெராயின் எடுத்தவருக்கு உயிராபத்து அதிகமாக இருப்பதே அப்போதுதான், உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதைப் படிவம் கேட்பதே இல்லை. கோர்ட் உத்தரவில் வந்தவர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டுப் போனாலும் படிவத்துக்குத் தெரியாது, சிறுநீர்ப் பரிசோதனைதான் சொல்லும்.

இருவரை ஒப்பிட்டு யார் விழுவார் என்று பார்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரே ஆளுக்கு மாதாமாதம் போட்டு, தூக்கம், ஆசை, வீட்டுச் சண்டை மூன்றும் போன மாதத்தைவிட எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாகப் பாருங்கள், அதற்கு அருமையான சாமான். தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லாமல் எதிரே உட்கார்ந்து கேட்டால் பதில் இன்னும் நன்றாக வரும். வாரா வாரம் பார்க்கிறவர்களுக்கு 7 நாள் கணக்கில் இன்னொரு வடிவமும் இருக்கிறது.