மர வள்ளத்துக்கு ஃபைபர் உறை: கப்பல் புழுவை நிறுத்துமா?

பிளைவுட் வள்ளம் வைத்திருப்பவர்கள் தயங்காமல் ஃபைபர் உறை (ரெசினில் ஊறிய கண்ணாடி இழை) போடலாம், காசு வீண் போகாது. பலகை அடித்து, பொருத்துகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடைத்த பழைய வள்ளம் என்றால் வேண்டவே வேண்டாம். பலகை நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பாலியெஸ்டர் ரெசின் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காது. பொருத்துக்கு நேராக மயிரிழை விரிசல் விடும், மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கு அவ்வளவு இடம் தாராளம்.

கப்பல் புழுவின் குஞ்சு மரத்தில் ஒட்டும்போது கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நுழைந்த துளை கடைசி வரை குண்டூசித் தலை அளவிலேயே நிற்க, உள்ளே புழு ஒரு அடிக்கு மேலும் நீளும். பெயர்தான் புழு, உண்மையில் மட்டி இனம். தலைப்பக்கம் உள்ள இரண்டு சிறு ஓடுகளால் மரத்தை அரத்தால் ராவுவதுபோல் ராவி விழுங்குகிறது. விழுங்கியதைச் செரிக்கும் ஏற்பாடு விசித்திரமானது. அதற்கு உதவும் பாக்டீரியாக்கள் செவுள் செல்களுக்குள் குடியிருக்கின்றன. அங்கே உருவாகும் என்சைம்கள் மரத்தூள் சேரும் குடல்பைக்குப் போய்ச் செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பதை, பேங்கியா செட்டேசியா என்ற இனத்தில் 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1983-இல் பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் டெரெடினிபாக்டர் டர்னரே என்று பெயர் பெற்ற பாக்டீரியா இன்னொரு வேலையும் செய்கிறது. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, நீரில் கரைந்த நைட்ரஜனையே பிடித்துச் சத்தாக மாற்றுகிறது.

ஆக, சாப்பாட்டுக்கு மரமே பெரும்பாலும் போதும். கடலிலிருந்து தவறாமல் வேண்டியது மூச்சுக்கான நீர், அதற்கு அந்த ஒரு குண்டூசித் துளை. ஃபைபர் அடைப்பது அந்த வாசலைத்தான். குஞ்சால் கண்ணாடி இழையைத் துளைக்க முடியாது. ஆனால் உறையில் ஒரே ஒரு இடம் தேய்ந்து மரம் தெரிந்தாலும், உறைக்குப் பின்னால் முழுப் பலகையும் வெளியே தெரியாமலே உளுத்துப் போகும்.

ஏற்கெனவே கடலில் ஓடிய பிளைவுட் வள்ளத்துக்குப் போடும்போது பெரும்பாலும் கெடுவது காயவைப்பதில்தான். கரையேற்றிய உடனே புழு சாவதில்லை. வால் முனையில் உள்ள இரண்டு சுண்ணாம்பு மூடிகளால் துளையை அடைத்துக்கொண்டு, டெரெடோ நவாலிஸ் ஆறு வாரம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். பத்து நாள் வெயிலில் போட்டுவிட்டு ரெசின் பூசினால், உள்ளே செத்து அழுகும் புழுவின் ஈரம் அந்த இடத்தில் ரெசினைப் பிடிக்கவிடாது. பிறகு உறை கொப்பளித்து உரியும். நிழலில் இரண்டு மாதம் விட்டு, ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே தொடங்க வேண்டும். கத்தி முனையால் குத்தினால் இறங்கும் பகுதியை வெட்டி மாற்றுங்கள். பட்டி வைத்து மூடாதீர்கள்.

பழைய பெயின்ட், மீன் எண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய் எல்லாம் மரம் தெரியும்வரை சுரண்டப்பட வேண்டும். 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு போட்டால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். ஏராவிலும் (வள்ளத்தின் அடிமரம்) அணியத்திலும் (முன்முனை) இன்னும் இரண்டு அடுக்கு தேவை. ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டரை கிலோ ரெசின், கிலோ ரெசினுக்கு அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம். நம் வெயிலுக்கு 10 பக்கமே நில்லுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்டை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். தேக்குபோல எண்ணெய்ப் பிடிப்புள்ள மரத்துக்குப் பாலியெஸ்டருக்குப் பதில் எப்பாக்ஸி ரெசின்தான் சரி. அதற்குச் சாதாரண மேட் வேண்டாம், நெய்த துணி வாங்குங்கள். மேட்டின் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும்.

வேலை தரமா என்று பார்க்க இரண்டு இடம் போதும். பிளைவுட்டின் வெட்டிய விளிம்புகளில் ரெசின் ஊறியிருக்கிறதா? திருகு போட்ட துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்ஸி நிரப்பி, இறுகியபின் மறுபடி துளைத்தார்களா? இதைச் செய்யாதவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

மேலே செம்புப் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அது உதவும். உறை முழுசாக இருந்தால் புழுவுக்காக அது தேவையில்லை, தினமும் கரையேறும் வள்ளத்துக்கு வீண் செலவும்கூட.

அந்தப் பணத்தில் ஏராவுக்கு அடியில் ஒரு தனிச் சட்டம் போடலாம். மணலில் இழுக்கும்போது முதலில் தேய்வது ஏராதான். அங்குல கனச் சட்டத்தைத் தார் ஃபெல்ட் வைத்துத் திருகினால், தேய்மானத்தைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். புழு சட்டத்தில் ஏறினாலும் ஃபெல்ட்டைத் தாண்டி ஏராவுக்குப் போகாது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, உள்ளே ஓட்டை இருந்தால் சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும்.