'சிக்ஸ்-பேக்' கேப்டன் லைசென்ஸ்: அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சேவைக்கு ஐந்துக்கு மூன்றரை

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு படகில் ஆளேற்றி மீன்பிடிக்கக் கூட்டிப்போக நினைப்பவர் முதலில் தட்ட வேண்டிய கதவு, கடலோரக் காவல்படையின் தேசிய கடல்சார் மையம். கடலுக்கும் அந்த அலுவலகத்துக்கும் வெகுதூரம். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஓ.யு.பி.வி. உரிமத்தைத் துறைமுகங்களில் 'சிக்ஸ்-பேக்' என்றால்தான் தெரியும். 100 டன்னுக்குக் குறைந்த, காவல்படையின் ஆய்வுச் சான்று தேவைப்படாத படகில், கட்டணம் செலுத்தும் ஆறு பேர் வரை ஏற்றலாம். தூண்டில்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூட்டாட்சிச் சட்டம் செல்லுபடியாகும் நீர்நிலையில் வாத்து வேட்டைக்கு ஆட்களைப் படகில் கொண்டுபோய் விடுகிற வழிகாட்டிக்கும் இதே உரிமம் வேண்டும்.

கட்டணம் நியாயமானது. படிவங்களும் ஒருமுறை பொறுமையாகப் படித்தால் புரிகிறவைதான். இழுத்தடிப்பது ஒரே ஓர் இடத்தில்: கடலில் இருந்த நாட்களை நிரூபிப்பதில். மூன்றரைக்கு மேல் மதிப்பெண் போக முடியாததற்கு அதுவே காரணம்.

கணக்கு இப்படி. மொத்தம் 360 நாட்கள் படகை இயக்கிய அனுபவம் வேண்டும். அதில் 90 நாட்கள் கடைசி மூன்று ஆண்டுகளுக்குள் வந்திருக்க வேண்டும். சிறு படகில் ஒரு நாள் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம். காலையில் போய் மூன்று மணி நேரத்தில் திரும்புகிறவர் வருடம் முழுக்கப் போனாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 45 வாரம் என்று விடாமல் போனால் 90 நாள். 360 சேர நான்கு ஆண்டு ஆகும். பழைய அனுபவத்துக்குக் காலாவதி இல்லை, இருபது ஆண்டுக்கு முந்தைய நாளையும் எழுதலாம் என்பது ஆறுதல். நண்பர் படகில் ஏறித் தூண்டில் மட்டும் போட்டு வந்த நாட்கள் சேராது. படகை இயக்குவதில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

இதை எழுதித்தரும் படிவம் 719-எஸ். படகு ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். சொந்தப் படகென்றால் அது உங்களுடையது என்பதற்குப் பதிவுச் சான்றோ விற்பனை ரசீதோ இணைக்க வேண்டும். பிறர் படகென்றால் உரிமையாளரின் கையெழுத்து. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். படகை விற்று ஆண்டுக்கணக்கானபின் பழைய பதிவுத்தாளைத் தேடுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய உரிமையாளர் இறந்திருப்பார், அல்லது எங்கே என்றே தெரியாது. உரிமம் எடுக்கும் எண்ணம் அரைகுறையாக இருந்தாலும், படகை விற்கும் நாளிலேயே பதிவுச் சான்றின் நகலை எடுத்துவைத்துவிடுங்கள்.

அதே தாளில் இன்னொரு குழி உண்டு. நாட்களை மொத்தமாக எழுத முடியாது. பேரேரிகளில் (கிரேட் லேக்ஸ்) எத்தனை, உள்நாட்டு நீரையும் கடலையும் பிரிக்கும் சட்டப்படியான எல்லைக்கோட்டுக்கு உள்ளே எத்தனை, வெளியே கடல்பக்கம் எத்தனை என்று பிரித்துக் காட்ட வேண்டும். கரையிலிருந்து 100 மைல் வரை போகும் உரிமத்துக்கு 360-இல் 90 நாட்கள் கடலில் கழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்நாட்டு நீர்நிலைக்கான உரிமம்தான் கையில் வரும். கோடு எங்கே போகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். பல விரிகுடாக்கள் முழுதாக உள்ளே விழுகின்றன. வரைபடத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதினால், மதிப்பீட்டாளர் கோப்பை 'தகவலுக்குக் காத்திருப்பு' என்ற அடுக்குக்குத் தள்ளிவிடுவார். கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கும் வசதி இருப்பது நல்ல விஷயம்.

மருத்துவப் படிவம் 719-கே. மருத்துவரோடு, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் எனும் மருத்துவ உதவியாளரும், நர்ஸ் பிராக்டிஷனர் எனும் உயர்நிலைச் செவிலியரும்கூடக் கையெழுத்திடலாம். கண்ணாடியோடு ஒரு கண்ணிலாவது 20/40 பார்வை வேண்டும். நிறக்குருடுச் சோதனை கட்டாயம். நிறம் பிரித்துக்காட்டும் வண்ணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமாளிக்க முடியாது. இரவில் எதிரே வரும் படகின் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் காட்டி வருகிறது என்று முடிவெடுக்கிறோம் என்பதால் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

போதைப்பொருள் சோதனை முடிவு, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 185 நாட்களுக்குள் இருக்க வேண்டும். முதலுதவி வகுப்பு கடைசி 12 மாதத்துக்குள், சி.பி.ஆர். (நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவி) சான்று காலாவதியாகாமல். 'ட்விக்' எனும் போக்குவரத்துத் தொழிலாளர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்திருக்க வேண்டும். பழைய வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய தண்டனை எதுவானாலும் எழுதிவிடுங்கள். ஓட்டுநர் பதிவேட்டை அவர்களே பார்க்கிறார்கள். தண்டனையைவிட மறைத்ததுதான் அதிகம் கெடுக்கும்.

தேர்வுக்கு இரண்டு வழி: காவல்படையின் மண்டல மையத்தில் எழுதலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்து அங்கேயே எழுதலாம். கடல்வழி விதிகள் தாளில் 90 சதவீதம் வேண்டும். மற்றவற்றுக்கு 70 போதும். கவிழ்வது பெரும்பாலும் விதிகள் தாளில்தான். மற்ற தாள்களைப் புரிந்துகொண்டு எழுதலாம். இதில் விளக்கு, ஒலிக்குறி, யார் யாருக்கு வழிவிடுவது என்று வரிக்கு வரி மனப்பாடம் வேண்டும். உள்நாட்டு விதிக்கும் பன்னாட்டு விதிக்கும் உள்ள சிறு வேறுபாடுகளைக் குறிவைத்தே கேட்பார்கள். பள்ளிச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். நாட்கள் சேருமுன் ஆர்வத்தில் வகுப்பை முடித்தவர்கள் மறுபடி பணம் கட்ட வேண்டிவருவது இதனால்தான். முதலில் 360, பிறகு வகுப்பு.

அரசுக் கட்டணம் மதிப்பீட்டுக்கு 100 டாலர், தேர்வுக்கு 95, வழங்கலுக்கு 45. பள்ளியில் தேர்வெழுதினால் அந்த 95 இல்லை, ஆனால் பள்ளிக் கட்டணம் அதைப் பல மடங்கு விழுங்கிவிடும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் கவனிக்க வேண்டியது குடியுரிமை: அமெரிக்கக் குடிமகனாக இல்லாதவருக்கு, காவல்படையிடம் ஆவணப் பதிவு செய்யாத படகை ஓட்டும் அளவுக்கு மட்டுமே இந்த உரிமம் கிடைக்கும். கிரீன் கார்டோடு, ஆவணப் பதிவுள்ள படகை ஓட்டும் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு இந்த வரியைப் படித்துப் பயனில்லை.

உரிமம் வந்தாயிற்று, தொழில் தொடங்கலாமா? யானை வாங்கியாயிற்று, அங்குசம் இன்னும் பாக்கி. காவல்படை பார்ப்பது படகோட்டியை; மீனையும் வேட்டையையும் பார்ப்பது வேறு துறைகள். அட்லாண்டிக் பக்கம் சூரை, சுறா, வாள்மீன் பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போவதென்றால் கடல், வளிமண்டலத்துக்கான கூட்டாட்சி அமைப்பான நோவாவின் சார்ட்டர் (வாடகைப் பயண) பெர்மிட் தனியே வேண்டும், ஆண்டுதோறும். மெக்சிகோ வளைகுடாவின் பாறைமீன்களுக்குச் சார்ட்டர் பெர்மிட் புதிதாகத் தருவதே இல்லை. வைத்திருப்பவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். அலாஸ்காவில் ஹாலிபட் மீனுக்கும் 2011 முதல் அப்படியே. படகு விலைக்கு வருகிறதென்றால், எஞ்சினைத் திறந்து பார்க்கும் முன் பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இவற்றுக்கு மேல் மாநில வழிகாட்டி உரிமம். ஃப்ளோரிடாவில் சார்ட்டர் உரிமம் எடுத்தால் பயணிகளுக்குத் தனி மீன்பிடி உரிமம் வேண்டாம். எல்லா மாநிலத்திலும் அப்படி என்று நம்பிவிடாதீர்கள்.

அன்றாட விதிகளில் அதிகம் மறக்கப்படுபவை இரண்டு. காசு வாங்கி ஆளேற்றும் படகில் தலைக்கு ஒரு முதல் வகை உயிர்காப்பு உடை இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மீன்பிடி ஜாக்கெட் கணக்கில் வராது. ஓட்டுபவர், தனியாளாகத் தொழில் செய்தாலும், எதேச்சையாக அழைத்துச் சோதிக்கும் போதைப்பொருள் சோதனைத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். ஏழாவது ஆளை ஏற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்தக் கணமே அது ஆய்வுச் சான்று தேவைப்படும் படகாகிவிடுகிறது, இந்த உரிமம் அதற்குப் போதாது.

உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அந்த ஐந்தாண்டுக்குள் 360 நாள் காட்டினால் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் பயிற்சித் தேர்வு உண்டு, அது கடினமில்லை. தேதி தவறினால் ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். அது புதுப்பிப்பதற்கான அவகாசம் மட்டுமே; அந்த நாட்களில் ஆளேற்றினால் உரிமமில்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள்.