செவ்வந்திக்கல்: பிரேசில் கொத்தா, கரூர்ப் படிகமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை நடந்து தேடினாலும் செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட் எனும் ஊதாப் படிகம், கிடைக்காது. இந்தக் கரை முழுக்க மணலும் பவளச் சுண்ணாம்பும்தான். அழகாக இருக்கிறதே என்று பவளத் துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆக, நம் பக்கத்தில் கல் சேர்ப்பவர் விலைக்குத்தான் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

ராமேஸ்வரத்தில் அதிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்படிகமும் ஊதா செவ்வந்தியும் குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமம்தான். உள்ளே சிறிது இரும்பு கலந்து, பூமிக்குள் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டதால் வந்த நிறம் அது.

சந்தையில் அதிகம் புழங்குவது, பல படிகங்கள் கொத்தாக ஒட்டி வரும் பிரேசில் கல். ரியோ கிராண்டே தோ சுல் மாநிலத்தில், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பின் வாயுக் குழிகளுக்குள் வளர்ந்தது. எடுப்பாக இருக்கும், விலையும் தாங்கும். கூடத்தில் வைத்தால் வருகிறவர்கள் கேட்காமல் போகமாட்டார்கள். ஆனால் வாங்கும்போது முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைப் பாருங்கள். பல பெரிய துண்டுகளின் முதுகில் சிமெண்ட் பூசி வண்ணம் அடித்திருப்பார்கள். உடையாமல் நிற்க அது உதவும், சரி. ஆனால் படிகம் ஒட்டி வளர்ந்த தாய்ப்பாறை மறைந்துவிடுகிறது. மாதிரி சேர்ப்பவருக்கு அது பாதி நஷ்டம். உருகுவேயின் அர்த்திகாஸ் பகுதிக் கல்லில் படிகங்கள் சிறிதாகவும் நிறம் ஆழமாகவும் இருக்கும். பணம் இருந்தால் பிரேசிலை விட அதைத்தான் எடுப்பேன்.

மகாராஷ்டிரத் தக்காணப் பாறையிலிருந்து வருவதும் உண்டு. பக்கத்திலேயே ஜியோலைட் போன்ற வேறு கனிமங்கள் ஒட்டியிருந்தால், நிறம் வெளிறியிருந்தாலும் விடாதீர்கள்.

கரூர், காங்கேயம் பக்கத்துக் கல் வேறு ரகம். கொத்தாக மின்னாது. தனிப் படிகம், அதுவும் நிறம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் வெளுத்து. அலமாரியில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் ஓட்டு இதற்குத்தான். பிரேசில் கொத்தை யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலும் வாங்கலாம். நம் மாநிலத்துக் கல்லை, எந்த ஊர்க் காட்டில் எடுத்தது என்ற சீட்டோடு வைத்திருப்பவர் குறைவு. ஆறு பக்கப் பட்டையும் கூம்பு நுனியும் முழுசாக இருக்கும் படிகமாகப் பார்த்து எடுங்கள். நுனி உடைந்ததற்கு நான் பாதி விலைகூடக் கொடுக்கமாட்டேன்.

கீழக்கரைக்காரர்கள் இலங்கையோடு காலங்காலமாகக் கல் வியாபாரம் செய்பவர்கள். அவர்களிடம் பட்டை தீட்டிய கல் வாங்கலாமே என்பார்கள். மோதிரத்துக்குச் சரி, சேகரிப்புக்கு அல்ல. தீட்டியவுடன் படிகத்தின் இயற்கை வடிவம் போய்விடுகிறது. தவிர, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செவ்வந்தியும் குவார்ட்ஸ்தான்; கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, சோதனைக்கூடம்தான் போக வேண்டும். போலி வெறும் கண்ணாடி என்றால் மட்டும் வேலை சுலபம்: மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடியைக் கீறிவிடும்.

வெள்ளை அடியும் கருகிய ஆரஞ்சு நுனியும் உள்ள கொத்தைச் ‘சிட்ரின்’ (மஞ்சள் குவார்ட்ஸ்) என்று நீட்டினால், பெரும்பாலும் அது சூட்டில் நிறம் மாற்றிய செவ்வந்திதான். கடையில் சொன்னால் வாங்குங்கள், சொல்லாவிட்டால் வேண்டாம்.

வாங்கியது எதுவானாலும், கடல் பார்த்த ஜன்னலில் வைக்காதீர்கள். உப்புக்காற்று குவார்ட்ஸை ஒன்றும் செய்யாது. வெயில்தான் நாளாக நாளாக ஊதாவை வெளிறச் செய்யும். மூடிய அலமாரி போதும். தூசி படிந்தால் சாதாரணத் தண்ணீரும் மென்மையான பிரஷும். வெந்நீர் வேண்டாம், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.