பார்ட்டி லேசர் விளக்கு, 89 வெள்ளி: பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வாங்காதீர்கள்

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். அக்கா மகளின் 21ஆவது பிறந்தநாளுக்காக இந்த விளக்கை இணையத்தில் வாங்கினேன், அனுப்பும் செலவோடு சேர்த்து 89 வெள்ளி (ரிங்கிட்). ஐந்தில் ஒரு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். காரணம் கொஞ்சம் நீளம், ஆனால் தீபாவளியும் கல்யாண மாதமும் வருகிறது, இதே கறுப்புப் பெட்டியை எத்தனையோ பேர் வாங்கப் போகிறீர்கள், அதனால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

முதலில் பொருளைப் பற்றி. கையளவு கறுப்புப் பெட்டி, பின்னால் சின்ன மின்விசிறி, முன்னால் இரண்டு ஓட்டை, ஒரு ரிமோட், மூன்று கால் ஸ்டாண்டு. பாட்டுச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி தானாக ஆடும். சிவப்பும் பச்சையுமாக நூற்றுக்கணக்கான புள்ளிகள், பூ, நட்சத்திரம், வண்ணத்துப்பூச்சி என்று சுவர் முழுக்க ஓடும். அழகா என்று கேட்டால் அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நீள மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும் தவிர ஒன்றுமே இல்லாத எங்கள் தோட்டத்து மண்டபம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது, விளக்கைப் போட்டதும் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள்.

வைத்த இடம்தான் தப்பு. அந்தத் தப்பைச் செய்தது நான். கேக் மேசைக்குப் பக்கத்தில், ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல், கூட்டத்தைப் பார்த்த மாதிரி வைத்தேன். பெரியவர்களுக்கு நெஞ்சு உயரம், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்றால் நேராக முகத்துக்கு. புகை மெஷின் வேறு வாடகைக்கு எடுத்திருந்தோம், புகையில் கதிர் கதிராகத் தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாம் முன்னால் ஓடிவந்து கையால் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே கைப்பேசியில் படம் எடுத்தோம்.

என் தங்கை மகனுக்கு ஏழு வயது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஓட்டைக்கு அருகிலேயே போய்க் குனிந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறான். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை கார்ட்டூன் பார்க்கும்போது, "மாமா, டிவி நடுவுல ஒரு புள்ளி நிக்குது, நான் எங்க பார்த்தாலும் அங்கயே வருது" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அதே நாள் மதியம் இன்னொரு செய்தி. மச்சானின் தம்பி ஓய்வு நேரத்தில் கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுக்கிற பையன், அன்றைக்கும் அவன்தான் எடுத்தான். இரவு எடுத்த படங்களில் பாதியிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு ஊதாக் கோடு. லென்ஸை மாற்றிப் பார்த்தான், வெயிலில் எடுத்துப் பார்த்தான், கோடு அதே இடத்தில் அப்படியே இருந்தது. ஈப்போவில் கடைக்காரர் பார்த்தவுடனே கேட்டாராம், "லேசர் போட்ட ஃபங்ஷனா?" என்று. சென்சர் பழுது, மாற்ற 1,400 வெள்ளி. கேமரா லென்ஸ் எப்படி வெளிச்சத்தைக் குவித்து சென்சரில் விழ வைக்கிறதோ அதே வேலையைத்தான் கண்ணின் லென்ஸும் செய்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தபிறகு என் தங்கை அழுததை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு மறுநாள் காலையிலேயே ஈப்போவில் ஒரு தனியார் கண் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை (கண் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தை) விரித்து, ஓசிடி என்று விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிற ஸ்கேன் எடுத்தார்கள். காயம் எதுவும் தெரியவில்லை. புள்ளி மூன்றாம் நாள் போய்விட்டது. டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை, ஆனால் ஒன்று சொன்னார்: விழித்திரையில் வலி நரம்பு கிடையாது, சுட்டாலும் பிள்ளை "ஆ" என்று கத்தாது, சுட்ட இடம் தோல் மாதிரி மறுபடி வளராது. சின்னப் பிள்ளைகள் ஒரு கண்ணில் பார்வை குறைந்தால்கூட மற்ற கண்ணால் சமாளித்துக்கொண்டு மாதக்கணக்கில் சொல்லாமலே இருப்பார்கள் என்றார். சின்னச் சின்னக் கட்டம் போட்ட ஒரு காகிதம் கொடுத்தார், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும், கோடுகள் வளைந்தோ நடுவில் காணாமல் போயோ தெரிந்தால் உடனே வரச் சொன்னார். அந்தக் காகிதம் இப்போது தங்கை வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பின்பக்க ஸ்டிக்கரில் ஆபத்துப் பிரிவு "கிளாஸ் 2" என்று போட்டிருக்கிறது. உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தில் லேசரின் சக்தி சிவப்பு 100 மில்லிவாட், பச்சை 50 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்? கண்ணுக்குத் தெரிகிற லேசரில் கிளாஸ் 2 என்றால் 1 மில்லிவாட்டுக்குள். 5 மில்லிவாட் வரை 3ஆர். 5இலிருந்து 500 வரை 3பி, அது நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்து. 500க்கு மேல் கிளாஸ் 4, சுவரில் பட்டுச் சிதறுகிற வெளிச்சமே கண்ணைக் கெடுக்கும், தோலைச் சுடும், துணியில் தீ பிடிக்கும். இது ஐஇசி 60825 என்கிற உலகத் தரத்தில் இருக்கிற பிரிவு.

விற்பவர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டைக்கு முன்னால் மெல்லிய கோடுகள் போட்ட ஒரு தகடு இருக்கிறது, அது ஒரு கதிரை நூறு கதிராகப் பிரிக்கிறது, அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம்தான் சக்தி என்பார்கள். சரி, தூரத்துச் சுவரில் அது உண்மை. ஆனால் எல்லாப் புள்ளியும் சமம் இல்லை, நடுப்புள்ளி பெரும்பாலும் மற்றவற்றைவிடக் கடுமையாக இருக்கும். ஓட்டைக்குப் பக்கத்தில் கண்ணை வைத்தால் பிரிந்த கதிர்கள் விலகிப் போவதற்கு முன்னாலேயே பாவைக்குள் நுழைந்துவிடும். அந்தத் தகடு பசையில்தான் நிற்கிறது. கீழே விழுந்து தகடு கழன்றால் மொத்தச் சக்தியும் ஒரே கதிராக வெளியே வரும்.

"பல்பைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லையே, இது மட்டும் என்ன" என்று மச்சான் கேட்டார், நியாயமான கேள்விதான். பல்பு நாலாபக்கமும் சிதறுகிறது. லேசர் ஒரே திசையில் போவதால் கண் அதை ஒரு ஊசிமுனைக்குக் குவித்துவிடும், கண்ணுக்குள் போவதற்கு முன்னால் இருந்த செறிவைவிட விழித்திரையில் சுமார் 1,00,000 மடங்கு. சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரையில் விழுகிற உருவம் கிட்டத்தட்ட 0.16 மில்லிமீட்டர் அகலம், லேசர் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கலாம். கிளாஸ் 2 ஆபத்தில்லை என்று சொல்வதே நாம் கால் நொடியில் கண்ணை மூடிவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான். வேண்டுமென்றே உற்றுப் பார்க்கிற ஏழு வயசுப் பையன் கண்ணை மூடுவானா?

அப்புறம் இருட்டு. செம்பனைக்கு நடுவில் இருக்கிற மண்டபம், ஏழு மணிக்கு மேல் வெளியே கும்மிருட்டு, லேசர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே இருந்த டியூப் லைட்டையும் நாங்களே அணைத்துவிட்டோம். வெயிலில் 2, 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிற பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். தூரம் போகப் போகக் கதிர் அகலமாகும், விரிந்த கண்ணுக்குள் அதில் அதிகம் போகும்.

பச்சை லேசரில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் பயம். மலிவான பச்சைக் கதிர் பலவும் நேராகப் பச்சையாகப் பிறப்பதில்லை. உள்ளே முதலில் 808 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு, அது ஒரு படிகத்தில் 1064 ஆகிறது, இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 பச்சை ஆகிறது. மிச்ச அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் இமையும் மூடாது. அமெரிக்காவின் நிஸ்ட் என்கிற அளவை நிலையம் 2010இல் ஒரு மலிவுப் பச்சைப் பேனாவைச் சோதித்தபோது பச்சையைவிட அகச்சிவப்பு பல மடங்கு வந்தது. 2013இல் அவர்களே 122 லேசர் பேனாக்களை அளந்தபோது பச்சையில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு, சிவப்பில் 44 விழுக்காடு அந்த நாட்டு விதியில் தேறவில்லை. இத்தனைக்கும் அங்கே பேனாவுக்கு 5 மில்லிவாட் வரை அனுமதி உண்டு, ஆஸ்திரேலியாவில் 1க்கு மேல் என்றால் அனுமதி இல்லாமல் உள்ளேயே கொண்டுவர முடியாது.

பேனா என்றதும் ஞாபகம் வருகிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொம்மைக் கடையில் சாவி போட்டுத் திறக்கிற பச்சைப் பேனா விற்கிறார்கள், தலையில் ஒரு மூடி, மூடியைக் கழற்றினால் ஒரே கதிர், தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும். பள்ளி விடுமுறையில் லயத்துப் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடுகிறார்கள். பார்ட்டி விளக்கைவிட இது மோசம், ஏனென்றால் மூடியைக் கழற்றிவிட்டால் இதில் பிரிக்கிற தகடுகூட இல்லை. 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கிரேக்க நாட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார்கள். பச்சைப் பேனாவைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்ததில் இடது கண் விழித்திரையின் மையத்தில் ஓட்டை. ஒன்றரை வருடம் கழித்தும் அந்தக் கண் பழையபடி ஆகவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த பேனாதானாம்.

எங்கள் கோவில் இளைஞர்கள் இந்த வருடத் திருவிழாவுக்கு ரதத்தில் லேசர் கட்டலாம், சாம்பிராணிப் புகையில் அருமையாகத் தெரியும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். மேடை லேசரைத் தெரிந்தவர்கள் போட்டால் கூட்டத்தின் தலைக்கு மேலேதான் போடுவார்கள், அமெரிக்காவில் ஆட்கள் நிற்கிற தரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரம் என்று விதியே இருக்கிறது. 2008 ஜூலையில் ரஷ்யாவில் கிர்ஷாச் என்ற ஊரில் திறந்தவெளி நடன விழா, மழை வந்ததால் கூடாரம் போட்டிருந்தார்கள், வானத்துக்குப் போக வேண்டிய லேசர் கூட்டத்துக்குள் வந்தது, சுமார் 30 பேருக்குப் பார்வை பாதித்தது. "அண்ணே, அது பெரிய மெஷின், நம்மகிட்ட இருக்கறது சின்னது" என்றான் ஒருவன். கேமரா படத்தில் இருந்த ஊதாக் கோட்டைக் காட்டினேன், அப்புறம் பேசவில்லை. ரதத்துக்கு எல்இடி விளக்கு என்று முடிவாகியிருக்கிறது.

எல்இடியும் கண்கூசத்தான் செய்யும், ஆனால் ஊசிமுனைக்குக் குவிகிற ஆபத்து அதில் இல்லை. பிஏ சிஸ்டம் வாடகைக்கு விடுகிறவர்களிடம் எல்இடி பார் லைட் கேளுங்கள், எங்கள் பக்கம் ஒன்று 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கிறது, நாலு இருந்தால் ஒரு மண்டபத்துக்குப் போதும்.

விற்பவரிடம் கேட்டதற்கு "கண்ணாடி போட்டுக்கொள்ளவும், நேராகப் பார்க்க வேண்டாம்" என்று பதில் வந்தது. பெட்டியோடு வந்த அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் கண்ணாடியில் எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கும் என்று ஒரு எழுத்துகூட இல்லை, அதை நம்பாதீர்கள். பிறந்தநாளுக்கு வந்த அறுபது பேருக்கும் கண்ணாடி கொடுக்க முடியுமா? பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்று அடுத்த பதில். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கைத் திருப்பி அனுப்பினால் வேறு வீட்டுக்குப் போகும், அதனால் வயரை வெட்டி வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் உயரத்தில் மாட்டி, கூட்டத்தின் தலைக்கு மேலே வெறும் சுவரையோ கூரையையோ பார்க்க வையுங்கள். முகம் பார்க்கிற கண்ணாடி, ஜன்னல், பளபளக்கிற எவர்சில்வர் பக்கம் திருப்பாதீர்கள், பட்டுத் திரும்பி வரும். வெளியே வைத்து வானத்துக்கு அடிக்காதீர்கள், விமானம் ஓட்டுகிறவர் கண் கூசும். பிள்ளைகள் கைக்கு எட்டினால் அணைத்துவிடுங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள்: என்ன கிளாஸ், எத்தனை மில்லிவாட், எத்தனை நானோமீட்டர். என் விளக்கின் ஸ்டிக்கரையும் உள்ளே இருந்த காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை இதோடு போட்டிருக்கிறேன், இரண்டிலும் உள்ள எண்களை நீங்களே பாருங்கள்.